‘ரிப்பேர்’ என்று ஒட்டிய இரண்டு பம்புகள்: பெருங்களத்தூரிலிருந்து நாவலூர் போய்த் திரும்பிய கதை

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, கடற்கரை, அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போய்விட்டு வந்த ஊர் நாவலூர். சிரிக்காதீர்கள். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பெருங்களத்தூரிலிருந்து கிளம்பி, அதே நாளில் திரும்பியும் வந்தவர்களுக்குத் தெரியும், அதற்குக் கொடைக்கானலே தேவலாம்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘மாதம் ஒரு ஊர் சுற்றுகிறீர்களே, அப்படி என்னதான் வேலை பார்க்கிறீர்கள்?’ என்று பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பயோமெடிக்கல் படிக்கும் பிள்ளைகள் சிலர், படித்து முடித்தால் மருத்துவமனையில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் இந்த ஒரே பயணத்தில் பதில் கிடைத்துவிடும்.

நான் ஒரு நடுத்தர மருத்துவமனையில் மருத்துவக் கருவிகளுக்குப் பொறுப்பான மேலாளர். எங்களுக்குப் பெருங்களத்தூரிலும் நாவலூரிலும் கிளைகள் உண்டு. வென்டிலேட்டரிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வரை எதை வாங்குவது, எந்த வார்டில் வைப்பது, எப்போது சோதிப்பது, எப்போது தலைமுழுகுவது என்பதெல்லாம் என் தலையில். என் சாச்சி, அதாவது சின்னம்மா, கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும் விதமே வேறு. “எங்க ரெஹானா ஆஸ்பத்திரில மெக்கானிக்கா இருக்கு” என்பார். முதலில் கோபம் வரும். இப்போது பழகிவிட்டது. அது ஒன்றும் முழுப் பொய்யும் இல்லை.

போகிக்கு முந்தைய நாள். பெருங்களத்தூர் கிளையில் காலை டீயைக் கையில் எடுத்தேன், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டர் கல்பனா கூப்பிட்டார். “மேடம், ஒரு சிரிஞ்ச் பம்ப் போயிடுச்சு. மோட்டார் சுத்தவே மாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”

சிரிஞ்ச் பம்ப் என்பது பெரிய ஊசிக்குழாயை மெதுவாக அழுத்திக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு மருந்தும் சத்து நீரும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லி, இரண்டு மில்லி என்ற கணக்கில்தான் போக வேண்டும். மனிதக் கை அந்தக் கணக்கில் மணிக்கணக்காக அழுத்தாது. அதனால் பம்ப் இல்லாமல் அந்தப் பிரிவை நடத்த முடியாது.

போய்ப் பார்த்தேன். மோட்டார் போய்விட்டது உண்மைதான். உதிரிபாகம் வாங்காமல் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிரிவில் இருந்த மற்ற நான்கில் மூன்று குழந்தைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுதான் சும்மா இருந்தது. குழந்தைகள் மருத்துவர் சுமதி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ரெஹானா, மேல ஒரு பேஷன்ட் இருக்காங்க. ட்வின்ஸ். முப்பது வாரம்தான் ஆகுது. வலி நிக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு சிசேரியன் பண்ணித்தான் ஆகணும். எனக்குக் குறைஞ்சது மூணு பம்ப் வேணும். ஒண்ணுதான் இருக்கு.”

“கிடைக்கலன்னா?”

“அஞ்சு மணிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தி சிட்டிக்கு அனுப்பணும். இன்னிக்கு ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அதனால்தான் பயந்தேன். வலியோடு இருக்கிற பெண்ணை இந்த நெரிசலில் ஏற்றினால், குழந்தைகள் பாதி வழியிலேயே பிறந்துவிடலாம். வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்றுகொண்டிருந்தார். பிரகாஷ் என்று பெயர். வண்டலூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. ஆம்புலன்ஸ், ரத்தம், சிட்டியில் படுக்கை என்று இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தவர், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு போனைக் கீழே இறக்கினார். “மெஷின் வந்துருமா மேடம்?”

“போய் எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். எங்கே போய் எடுப்பது என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது.

வாடகைக்குக் கருவி தரும் கடைக்குப் போன் செய்தேன். ஆள் முந்தின நாளே திருநெல்வேலி பஸ் ஏறிவிட்டிருந்தார். எங்கள் கட்டடத்திலேயே மற்ற வார்டுகளில் கேட்டேன். எல்லோரும் கையை விரித்தார்கள். ஐ.சி.யூ.வில் நானே பார்த்தேன், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் நாவலூர் கிளை. அங்கே அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கான வார்டில் நான்கு பம்புகள். என் கணக்குப்படி இரண்டு நல்லவை, இரண்டு பழுது. இன்சார்ஜ் சிஸ்டர் ஜெயா, “நல்லதுல ஒண்ணு சும்மாதான் இருக்கு மேடம். வந்து எடுத்துக்கோங்க” என்றார். பழுதானதில் ஒன்றையாவது அங்கேயே உட்கார்ந்து உயிர் கொடுத்துப் பார்க்கலாம் என்று டூல் பையையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். மருத்துவமனை வண்டி ஒரு நோயாளியை இறக்கிவிடச் செங்கல்பட்டு போயிருந்தது. என் ஸ்கூட்டர் சர்வீஸில் இருந்தது. கிளம்பும்போது மணி 11.40.

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் மூன்று கிலோமீட்டர்தானே என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இருபது ரூபாய். மூன்று கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஊருக்குப் போகிறவர்கள் பகல் பன்னிரண்டுக்கே சூட்கேஸும் குழந்தையுமாகச் சாலையோரம் நின்றார்கள். கரும்புக்கட்டு ஏற்றிய மினி லாரி ஒன்று நட்டநடுவில் நின்று போய் டயர் மாற்றிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே சாலையில், ஒரே நாளில்தான் போக வேண்டுமா?

வண்டலூரில் கேளம்பாக்கம் போகிற பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் நின்றேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸே வந்தது. இந்தச் சாலை பத்தொன்பது கிலோமீட்டர் இருக்கும். கொளப்பாக்கம், ரத்தினமங்கலம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று போகும். கல்லூரிகளும், கல்லூரிகளுக்கு எதிரே பிரியாணிக் கடைகளும், அவற்றுக்கு மேலே ‘இரண்டு படுக்கையறை, உடனே குடியேறலாம்’ பலகைகளும் மாறி மாறி வரும். விடுமுறை தொடங்கிவிட்டதால் கல்லூரிப் பக்கம் காலியாக இருந்தது. மாம்பாக்கத்தில் மஞ்சள் கொத்தும் கரும்பும் சாலையோரத்தில் குவித்திருந்தார்கள். சாதாரண நாளாக இருந்தால் இறங்கி வாங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பதில்லை, ஆனால் கரும்புக்கும் எங்களுக்கும் ஒரு பகையும் இல்லை.

ஐம்பது நிமிடத்தில் கேளம்பாக்கம். அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே போகும் பஸ், ஏழு கிலோமீட்டர், படூர் தாண்டி நாவலூர். கண்ணாடிக் கட்டடங்களில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. மருத்துவமனைக்குள் நுழையும்போது மணி இரண்டு.

ஜெயா சிஸ்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கிளம்பின அப்புறம் தியேட்டர்லேர்ந்து ஒரு கேஸ் வந்துடுச்சு. அந்தப் பம்பும் போட்டாச்சு.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு படுக்கைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. இருபத்தொன்பது கிலோமீட்டர் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா? பிரகாஷிடம் ‘எடுத்துட்டு வர்றேன்’ என்று சொன்ன என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

“ரிப்பேர் ஆனது ரெண்டு இருக்கே, அதைக் காட்டுங்க.”

“அது வேஸ்ட் மேடம். அதுல ஒண்ணுமில்ல” என்றார் ஜெயா, கொஞ்சம் வேகமாகவே.

“பரவாயில்ல, வந்ததுக்குப் பார்த்துடறேன்.”

டிரெஸ்ஸிங் அறையில், அலமாரியின் கீழ்த் தட்டில், மடித்து வைத்த போர்வைக்குப் பின்னால் இருந்தன இரண்டும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டர். அதில் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் ‘ரிப்பேர்’. குனிந்து ஒன்றை இழுத்தேன். வரவில்லை. பின்னால் மின்கம்பி சுவரில் சொருகியிருந்தது. சார்ஜ் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

செத்துப்போன மெஷினை யாராவது சார்ஜில் போட்டு, தினமும் துடைத்து, போர்வை போட்டு மூடி வைப்பார்களா?

ஒன்றை எடுத்து மேசையில் வைத்து முடுக்கினேன். சுருக்கமாக ஒரு பீப் அடித்துவிட்டு சமர்த்தாக எழுந்துகொண்டது. ஐம்பது மில்லி சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, மணிக்கு இருபது மில்லி என்று வைத்து, கால் மணி நேரம் அளவுக் குழாயில் விட்டேன். சரியாக ஐந்து மில்லி இறங்கியிருந்தது. குழாயை மடக்கிப் பிடித்தால் அடைப்பு அலாரம் அடித்தது. மின்சாரத்தைப் பிடுங்கினேன், பேட்டரியில் ஓடியது. இரண்டாவதும் அப்படியே. என் பொறுப்பில் இருக்கும் பம்புகளிலேயே நல்ல நிலையில் இருந்தவை இந்த இரண்டு ‘ரிப்பேர்’கள்தான்.

“சிஸ்டர்” என்றேன். கோபம்தான். குரலும் உயர்ந்துவிட்டது. “இது என்ன விளையாட்டு?”

ஜெயா கதவைச் சாத்தினார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. “விளையாட்டா? போன வருஷம் ஐ.சி.யூ.காரங்க ஒரு நாளைக்குன்னு சொல்லி மூணு பம்ப் தூக்கிட்டுப் போனாங்க. ஒண்ணு சிரிஞ்சைப் பிடிக்கிற கிளாம்ப் உடைஞ்சு வந்தது. ரெண்டு இன்னி வரைக்கும் வரல. அதுக்கப்புறம் ஒரு பேஷன்டுக்கு டியூட்டி முழுக்க என் பொண்ணுங்க பக்கத்துல நின்னு சொட்டு எண்ணினாங்க, தெரியுமா? உங்க கணக்குல நல்லதுன்னு இருந்தா எங்ககிட்ட இருக்காது மேடம். ரிப்பேர்னு இருந்தாத்தான் எங்ககிட்டயே இருக்கும்.”

அந்த மூன்று பம்புகளுக்காக அவர் எனக்கு எழுதிக் கேட்டது நினைவிருந்தது. ‘வாங்குவதற்கு மேலே கேட்டிருக்கிறேன்’ என்று நானும் பதில் போட்டிருந்தேன். மேலே கேட்டேன்தான். மேலேயிருந்து ஒன்றும் கீழே வரவில்லை. அதனால் கத்துவதற்கு எனக்கு வாய் எழவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

“ரிப்பேர்னு நீங்க எழுதின ரெண்டையும் நான் கழிச்சுக்கட்ற லிஸ்ட்ல போட்டுட்டேன் சிஸ்டர். இந்த மாசக் கடைசில காயலான் கடைக்காரர் வண்டியோட வர்றாரு.”

ஜெயா வாயில் கை வைத்துக்கொண்டார். “அய்யய்யோ, காயலான் கடைக்கா?”

“எடைக்கு.”

அடுத்த நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். பிறகு இரட்டைக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். முப்பது வாரம் என்றதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வயர்களை அவரே சுருட்டி, பழைய துண்டில் சுற்றி, என் பையில் வைத்தார். “பொங்கல் முடிஞ்சு முதல் வேலை நாள்ல என் பம்ப் எனக்கு வரணும். நீங்க வாக்குக் குடுக்கணும்.” கொடுத்தேன்.

பிளாஸ்டரைப் பிய்க்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும் மேடம். போற வழியில ஐ.சி.யூ. இருக்கு.”

சொன்னபடியே லிஃப்ட் அருகே ஐ.சி.யூ. நர்ஸ் ஒருவர் என் பையை எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், பம்பா?” ‘ரிப்பேர்’ என்ற எழுத்தைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் காலையில் கையை விரித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அங்கே எத்தனை போர்வைகளுக்குப் பின்னால் எத்தனை பச்சை விளக்குகளோ.

வாசலில் ஆட்டோ. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். “இன்னா மேடம், பெருங்களத்தூரா? இன்னிக்கி அந்தாண்ட போனா திரும்பி வர்றதுக்குள்ள போகியே முடிஞ்சிரும். எண்ணூறு குடு.”

“அண்ணா, குழந்தைங்களுக்கு மெஷின் எடுத்துட்டுப் போறேன். ஆறு மணிக்கு ஆபரேஷன்.”

“கொழந்தைக்கா? மொதல்ல ஏறு, பேசிக்கலாம்” என்றார். ஏறினேன். நூறு மீட்டர் போனதும் பேசி எழுநூறில் முடித்தார். அதுவும் நியாயம்தான். அவருக்கும் பொங்கல் உண்டு.

சிறுசேரி வழியாகப் புதுப்பாக்கம் போய், வந்த சாலையிலேயே திரும்பினோம். ஏழெட்டு நிமிடமாவது மிச்சம். கண்டிகை வரை சாலை காற்றாடியது. கொளப்பாக்கம் தாண்டியதும் போக்குவரத்தே நின்றுவிட்டது. முன்னால் பஸ், பக்கத்தில் கார், எங்கு பார்த்தாலும் சிவப்பு விளக்கு. மணி 4.30. பத்து நிமிடத்தில் ஒரு வண்டி நீளம்கூட நகரவில்லை. டாக்டர் சுமதி போன் செய்தார். “அஞ்சேகாலுக்குள்ள நீங்க உள்ள இல்லன்னா நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுவேன் ரெஹானா. அதுக்கு மேல காத்திருக்க முடியாது.”

ஓட்டுநர் இறங்கி முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “மேடம், இது நவுராது. வண்டலூர் பாலத்து மேலயே நின்னுகினு கீது. நீ ஒண்ணு பண்ணு, இங்கயே எறங்கி நட. வண்டலூர் ஸ்டேஷன்ல ரயில புடி. அடுத்த ஸ்டேஷனே பெருங்களத்தூரு. நான் கொண்டாந்து வுடணும்னா ஏழு மணி ஆவும்.”

தினமும் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூருக்கு ஸ்கூட்டரில் போகிறவள் நான். பக்கத்திலேயே ரயில் ஓடுவது மறந்தே போயிருந்தது. எழுநூறைக் கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். “முழுசா கொண்டாந்து வுடலியே” என்றார். பையை அவரே தூக்கித் தோளில் மாட்டிவிட்டார்.

பையில் ஏழு கிலோவாவது இருக்கும். நடையும் ஓட்டமுமாகப் பதினைந்து நிமிடம். ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடைமேடைப் படியை நெருங்கினேன். பண்டிகைக் கூட்டத்துக்காகச் சோதனைக்கு நின்ற பெண் போலீஸ் என்னை நிறுத்தினார். வியர்த்துக் கொட்ட, பெரிய பையோடு ஓடி வருகிறவளை நிறுத்தத்தானே வேண்டும். பையைத் திறந்தார். வயரும் பெட்டியுமாக இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இன்னாமா இது?”

அடையாள அட்டையைக் காட்டினேன். “ஆஸ்பத்திரி மெஷின் மேடம். குழந்தைங்களுக்கு மருந்து ஏத்துறது. ரொம்ப அவசரம்.”

அவர் பிளாஸ்டரை வாசித்தார். “ரிப்பேர்னு போட்டுக்கீது? ரிப்பேரானத எதுக்கும்மா இவ்ளோ அவசரமா தூக்கிக்கினு ஓடுற?”

ஜெயா சிஸ்டரை அந்த நேரத்தில் நான் மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. பம்பை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன். பீப் அடித்து எழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“ஓடுதே! அப்றம் எதுக்கு ரிப்பேர்?”

“வேற யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க மேடம்.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “இது நல்லாக்கீதே. எங்க ரூம் ஃபேனுக்கும் எழுதி ஒட்டணும். போம்மா, வண்டி வந்துட்ச்சு, ஓடு.”

தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் கூட்டமே இல்லை. எல்லோரும் எதிர்த் திசையில் போகிறார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் பெருங்களத்தூர் வந்துவிட்டது. ஐந்து நிமிடம், ஐந்து ரூபாய். மதியம் இதே தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனைக்குள் நுழையும்போது மணி ஐந்து பத்து. ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்து தயாராக நின்றது. பிரகாஷ் லிஃப்ட் கதவு மூடாமல் காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறார் என்று தெரியவில்லை. என் பையை வாங்கிக்கொண்டார்.

கல்பனா பையிலிருந்து பம்பை எடுத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. “மேடம், ரிப்பேர்னு...”

“அதைப் படிக்காதீங்க. ஓட்டிப் பாருங்க.”

மறுபடி ஒரு முறை சோதித்தோம். கல்பனா இரண்டு பிளாஸ்டரையும் பிய்த்துக் குப்பையில் போட்டார். டாக்டர் சுமதி மேலே போன் செய்து ஒரே வார்த்தைதான் சொன்னார். “ஆரம்பிங்க.” ஆறரைக்குள் குழந்தைகள் இருவரும் வந்துவிட்டார்கள். பெண் ஒன்றேகால் கிலோ, பையன் அதற்கும் கொஞ்சம் குறைவு. பெண் குழந்தையின் கை என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. நாவலூரிலிருந்து வந்தவற்றில் ஒன்றை அவளுக்கும் ஒன்றை அவனுக்கும் மாட்டினார்கள். திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் நான் ஸ்டோர் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று கேட்காதீர்கள். கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போகிறவர்களுக்கு. பண்டிகைக்கு முந்தைய நாட்களில் பெருங்களத்தூர், வண்டலூர் இடையே எந்தக் காரணத்துக்காகவும் சாலையில் போகாதீர்கள். ரயில்தான். தாம்பரத்திலிருந்து நாவலூர் போகிறவர்களுக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழிதான் தூரம் குறைவு, இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆனால் சிக்னல்கள் அதிகம். வண்டலூர் வழியில் போனால் புதுப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பிச் சிறுசேரி வழியாகப் போங்கள், கேளம்பாக்கம் நெரிசல் தப்பும். அந்த வழியில் பஸ் குறைவு, ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு மொத்தச் செலவு எழுநூறைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். வயர் தெரிகிற எதையும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் போனால், ஓட்டிக் காட்டத் தயாராகப் போங்கள்.

பயோமெடிக்கல் பிள்ளைகளுக்கு. கருவியைத் திறந்து பழுது பார்க்கக் கல்லூரியிலும் கம்பெனிப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வார்டில் நின்று, இது ஏன் இங்கே இருக்கிறது, யாருக்குப் பயந்து இங்கே இருக்கிறது என்று கேட்க யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு சிஸ்டர் பொய் எழுதி ஒட்டியிருந்தால், முதலில் கோபப்படுங்கள், தப்பில்லை. பிறகு அவர் உங்களிடம் உண்மையைச் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். என் வழக்கத்தை நான் மாற்றிக்கொண்டேன். இப்போது நானே சொருகிப் பார்க்காமல் எந்தக் கருவியும் கழிவுக்குப் போவதில்லை. கடன் வாங்கும் வார்டு என் வழியாகத்தான் வாங்க வேண்டும், திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு. இது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. சம்பளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஊர் சுற்றும் அளவுக்கு வருகிறது.

பொங்கல் முடிந்து முதல் வேலை நாள். வாடகைக் கடைக்காரர் ஊரிலிருந்து திரும்பி இரண்டு புதுப் பம்புகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவற்றைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு ஜெயா சிஸ்டரின் பம்புகளை எடுத்துப் போகலாம் என்று அந்தப் பிரிவுக்குப் போனேன்.

“சிஸ்டர், நாவலூர் பம்ப் ரெண்டும் குடுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்.”

கல்பனா என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். “அதுவா மேடம்? ரெண்டும் ரிப்பேர்.”

கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் போனேன். இரட்டையர்களின் படுக்கைக்கு அருகில் இரண்டு பம்புகளும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டின் நெற்றியிலும் புது வெள்ளை பிளாஸ்டர். அதில் கல்பனாவின் அழகான கையெழுத்தில் ‘ரிப்பேர்’.

வெளியே வந்து நாவலூருக்குப் போன் செய்தேன்.

“ஜெயா சிஸ்டர், வாடகைப் பம்ப் ரெண்டு உங்களுக்கு அனுப்பறேன். உங்களோடது ரெண்டும் ரிப்பேர்.”

“ரிப்பேரா?” குரல் ஏறியது. “யாரு சொன்னது?”

“கல்பனா. பிளாஸ்டர் ஒட்டி எழுதியே வெச்சிருக்காங்க.”

அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். “ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

“குழந்தைங்க?”

“ரெண்டும் நல்லா இருக்கு. பொண்ணு நேத்துலேர்ந்து குழாய் வழியா அம்மா பால் எடுத்துக்குது.”

“சரி மேடம்” என்றார் ஜெயா. “அது ரிப்பேராவே இருக்கட்டும்.”